பரம்பரையாக வந்த வேட்டை ரைஃபிள்: இது எந்தத் துப்பாக்கி, இதற்கு எந்தத் தோட்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரி, ஆனைமலை, ஏற்காடு பக்கத்து எஸ்டேட் பங்களாக்களிலும் பழைய ஜமீன், மிராசு வீடுகளிலும் ஒரு தலைமுறை முன்புவரை வேட்டை ரைஃபிள் இருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைக் காலம் முடிந்தது. துப்பாக்கிகள் பீரோவுக்குள் போய்விட்டன. வைத்திருந்தவர் காலமான பிறகு ரைஃபிளும், பாதி எழுத்து அழிந்த லைசென்ஸ் புத்தகமும், பிஸ்கட் டப்பா நிறைய தோட்டாக்களும் வாரிசுகள் கைக்கு வருகின்றன. அப்போது எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

பீரோவில் ரைஃபிள் இருக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

உள்ளே தோட்டா இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பண்ணைவீடுகளில் பன்றிக்காகத் தோட்டா போட்டே வைக்கும் பழக்கம் இருந்தது. குழல்முனையை ஆளில்லாத பக்கம், முடிந்தால் வெளியே மண்தரையைப் பார்த்து வையுங்கள். விரல் டிரிகருக்குள் போகவே கூடாது.

மவுசர் வகை போல்ட் ரைஃபிளில் (போல்ட் என்பது தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும், கைப்பிடி வைத்த உருளை) பெரும்பாலும் போல்ட்டின் பின்முனையில் சின்னக் கொடி போல ஒரு நாக்கு இருக்கும். அது நிமிர்ந்து நின்றால் சுடாது, போல்ட்டை மட்டும் இழுக்கலாம். வலப்பக்கம் சாய்ந்தால் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். இடப்பக்கம் சாய்ந்தால் சுடத் தயார். நிமிர்த்தி வைத்து போல்ட்டை மெல்லத் தூக்கிப் பின்னால் இழுங்கள். தோட்டா அறையைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலையும் விட்டுத் தடவுங்கள். தோட்டாக்களை அடுக்கும் மேகசினிலும் தோட்டா இருக்கலாம். லீ என்ஃபீல்டு வகையானால் டிரிகருக்கு முன்னால் உள்ள பெட்டியைத் தனியாகக் கழற்றலாம். வின்செஸ்டர் 1895 போன்ற லீவர் ரைஃபிளில் லீவரை மறுபடி மறுபடி இறக்கி ஏற்றித்தான் காலி செய்ய முடியும். எண்ணிக்கொண்டே செய்யுங்கள், கடைசித் தோட்டா வந்த பிறகும் இரண்டு முறை இயக்குங்கள்.

போல்ட் துருப்பிடித்து நகரவில்லை என்றால் சுத்தியலால் தட்டக் கூடாது. அப்படியே வைத்துவிட்டு லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடைக்குத் தகவல் சொல்லுங்கள்.

அப்பா பெயரில்தான் லைசென்ஸ். அவர் இல்லை. ரைஃபிள் வீட்டிலேயே இருக்கலாமா?

கூடாது. லைசென்ஸ் ஓர் ஆளுக்குத் தரப்படுவது. அவர் இறந்த நாளோடு அதன் பலம் போய்விடும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 21ஆம் பிரிவின்படி தாமதமின்றிப் பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். தோட்டாக்களுக்கும் இதே விதிதான். நிலையத்துக்கு முதலில் போனில் சொல்லிவிடுங்கள். பழைய லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்றிதழ், காலி செய்த ரைஃபிள், தனியாகக் கட்டிய தோட்டாக்கள் ஆகியவற்றோடு போங்கள். ரசீதில் வரிசை எண், காலிபர் (குழலின் அளவையும் அதற்குரிய தோட்டாவையும் குறிக்கும் பெயர்), தோட்டாக்களின் எண்ணிக்கை மூன்றும் இருக்கின்றனவா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். "பழைய துப்பாக்கி 1" என்று மட்டும் எழுதி வாங்கி வந்தால், ஐந்து வருடம் கழித்து மால்கானாவில் (காவல் நிலையப் பொருள் கிடங்கில்) உங்கள் துப்பாக்கி எது என்று காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. ஒப்படைத்ததைத் திரும்பப் பெறக் காலக்கெடு உண்டு. அது தாண்டினால் பறிமுதலாகிவிடும். ஆகவே லைசென்ஸ் விண்ணப்பத்தைக் கிடப்பில் போடாதீர்கள்.

விண்ணப்பம் சென்னையில் போலீஸ் கமிஷனருக்கும், மாவட்டங்களில் கலெக்டருக்கும் போகிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் வாரிசுகளுக்கென்றே வழி இருக்கிறது. வைத்திருந்தவர் இறந்தபின் மட்டுமல்ல, அவருக்கு 70 வயது ஆனாலோ 25 ஆண்டுகள் ஆயுதத்தை வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். வயதான அப்பா இருக்கும் வீடுகள் இதை இப்போதே செய்துகொள்வது நல்லது. வாரிசுச் சான்றிதழும், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதமும் கேட்பார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். பரம்பரைச் சொத்து என்பதற்காக மூன்றாவது கிடைக்காது.

நூறு வருடப் பழசு, புராதனப் பொருள்தானே? இதற்குமா லைசென்ஸ்?

வேண்டும். சட்டத்தின் 45ஆம் பிரிவு தரும் விலக்கு, பழுது பார்த்தாலும் சுடவே முடியாத நிலையில் உள்ள பழைய ஆயுதத்துக்கு மட்டும்தான். 1910ல் செய்த மவுசர் ஒன்றைத் துடைத்து எண்ணெய் போட்டால் இன்றைக்கும் சுடும். வயதைக் காட்டி விலக்குக் கேட்க முடியாது.

லைசென்ஸ் புத்தகத்தில் காலிபர் எழுதியிருக்கிறதே, அது போதாதா?

அது துப்புதான், சாட்சி இல்லை. அதை எழுதியவர் பெரும்பாலும் பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதிய குமாஸ்தா. புதுப்பிக்கும்போதெல்லாம் கையால் பெயர்த்து எழுதியதில் .275 என்பது .375 ஆகிவிடும். .30-06 என்பதை "30.06 போர்" என்று எழுதுவது வெகு சாதாரணம் (போர் என்றால் குழலின் துளை அளவு). அதில் 30 என்பது காலிபர். 06 என்பது அந்தத் தோட்டா அமெரிக்க ராணுவத்துக்கு வந்த 1906ஆம் ஆண்டு. இன்னொரு குழப்பம் வரிசை எண்ணில் வரும். பேட்டன்ட் எண்ணைத் துப்பாக்கி எண் என்று எழுதிவிட்ட புத்தகங்கள் உண்டு. ரைஃபிளில் உள்ள எண்ணும் புத்தகத்தில் உள்ள எண்ணும் வேறு என்றால், திருத்தச் சொல்லி முதலிலேயே எழுத்துமூலம் கேளுங்கள்.

குழலின் மேல் "பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்" என்று இருக்கிறது. இது சென்னையில் செய்த துப்பாக்கியா?

விற்ற கடையின் பெயர் அது. மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரத்தோடு துப்பாக்கியும் விற்றது. ஓக்ஸ் அண்ட் கம்பெனியும் மெட்ராஸ்தான். கல்கத்தாவில் மேன்டன், ராடா, லயன் அண்ட் லயன். 1914ல் வங்கப் புரட்சியாளர்கள் மவுசர் பிஸ்டல்களைக் கடத்திச் சென்றது இதே ராடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்துதான். இவர்கள் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் செய்த துப்பாக்கிகளைத் தருவித்துத் தங்கள் பெயரைப் பொறித்து விற்றார்கள். ஒரே கடைப்பெயரில் பத்து விதக் காலிபர் வரும். கடைப்பெயரை வைத்துத் தோட்டா கேட்டு அலைவதில் பயனில்லை.

அப்படியானால் எந்த எழுத்தைப் பார்ப்பது?

ரைஃபிளின் கட்டை குழலில் பாதியை மறைத்துக்கொண்டிருக்கும்; முக்கியமான முத்திரைகள் அந்த மறைவில்தான். இரட்டைக்குழல் ஆயுதத்தில் முன்கட்டையைக் கழற்றிக் குழலைப் பிரித்தால், அடிப்பக்கத் தட்டைப் பரப்பில் வரிசையாகத் தெரியும். போல்ட் ரைஃபிளில் குழல் தொடங்கும் இடத்தின் இடப்பக்கமும் அடிப்பக்கமும் பாருங்கள். துரு இருந்தால் உப்புத்தாளைத் தொடாதீர்கள். இரண்டு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்துத் துணியால் துடையுங்கள். பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், மழுங்கிய எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். வெள்ளைச் சாக்பீஸைத் தேய்த்துத் துடைத்தால் பள்ளத்தில் தங்கி இன்னும் தெளிவாகும். போனில் படம் எடுத்து வையுங்கள்.

பிரிட்டிஷ் ஆயுதத்தில் கிரீடத்தின் கீழ் என்.பி. என்ற எழுத்துகள் இருந்தால், புகையில்லாத வெடிமருந்துக்குச் சோதித்துத் தேறியது என்று பொருள். குறுக்கே வைத்த செங்கோல்கள் உள்ள முத்திரை பர்மிங்ஹாம் சோதனைச் சாலையுடையது. 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் செய்த ரைஃபிள்களில் இன்னொரு பெரிய உதவி உண்டு: "கார்டைட் 60-400 மேக்ஸ்" என்பது போல ஒரு வரி. 60 கிரெய்ன் (சிறிய எடை அளவு) கார்டைட் மருந்து, 400 கிரெய்ன் எடையுள்ள குண்டு (தோட்டாவிலிருந்து பாயும் முனைப்பகுதி) என்று அர்த்தம். அது .404 ஜெஃப்ரியின் சுமை. 70-480 என்றால் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ், 75-500 என்றால் .470. காலிபர் எண் முழுக்க அழிந்திருந்தாலும் இந்த இரண்டு எண்கள் நல்ல துப்பு; ஒரே சுமை வேறு காலிபருக்கும் வரலாம் என்பதால் இதுவே முடிவு இல்லை.

.315 என்பதும் .303 என்பதும் ஒன்றா? உருவம் ஒரே மாதிரி இருக்கிறதே?

உருவம் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தோட்டா வேறு, சட்டம் இன்னும் வேறு. ராணுவத் தோட்டா கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்ற அச்சத்தில் பிரிட்டிஷ் அரசு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .303, .450 போன்ற காலிபர்களை இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடுத்தது. .465, .470 போன்ற பெரிய காலிபர்கள் பிறந்ததே இந்தத் தடையைத் தாண்டத்தான். சிறிய ரைஃபிள்களில் அந்த இடத்தை ஆஸ்திரிய 8×50 மேன்லிச்சர் தோட்டா (முதல் எண் குண்டின் பருமன், இரண்டாவது கூட்டின் நீளம், மி.மீ. கணக்கில்) பிடித்தது. அதுதான் இங்கே .315. இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை லீ என்ஃபீல்டு அமைப்பிலேயே இந்தக் காலிபரில் ஸ்போர்ட்டிங் ரைஃபிள் செய்தது.

இன்றைய சட்டத்திலும் .303 தடைசெய்த போர். அதற்கு மத்திய உள்துறை அமைச்சகத்தின் அனுமதி வேண்டும்; கலெக்டர் தரும் சாதாரண லைசென்ஸ் செல்லாது. 7.62 மி.மீ. ரைஃபிள், .410 மஸ்கெட் ஆகியவையும் இதே பட்டியல்தான். உங்களுடையது .303 என்று சந்தேகம் வந்தாலே கையில் வைத்துக்கொண்டு விசாரிக்க வேண்டாம். ஒப்படைத்துவிட்டு, அங்கே வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

அளவால் பிரிப்பது எளிது. .303இன் கூடு (மருந்தை அடைத்த உலோக உறை) 56 மி.மீ. நீளம், ஒல்லி. .315இன் கூடு 50 மி.மீ., அடி பருமன். இரண்டுக்கும் பின்விளிம்பு, அதாவது அடியில் வெளியே துருத்தும் விளிம்பு உண்டு. உள்நாட்டு .315 தோட்டாவின் அடியில் கே.எஃப். என்ற எழுத்துகள் பெரும்பாலும் இருக்கும். கிர்க்கி தொழிற்சாலையின் குறி அது.

கடையில் "8 எம்.எம்." என்கிறார்கள். லைசென்ஸிலும் அப்படியே. எது?

ஆபத்து அதிகமுள்ள கேள்வி இது. 8 எம்.எம். என்ற பெயரில் குறைந்தது மூன்று தோட்டாக்கள் இங்கே புழங்கியிருக்கின்றன. ஒன்று மேலே சொன்ன 8×50, அதாவது .315, விளிம்பு உள்ளது. மற்ற இரண்டும் ஜெர்மன் 8×57 மவுசர், விளிம்பு இல்லாதவை. அந்த இரண்டுக்கும் கூடு ஒன்றே, குண்டு வேறு. பழைய வகையின் குண்டு 8.07 மி.மீ. விட்டம், 1905க்குப் பிறகு ஜெர்மன் ராணுவம் எடுத்துக்கொண்ட எஸ் வகையின் குண்டு 8.22 மி.மீ. பருமன். பழைய ஒடுங்கிய குழலில் எஸ் தோட்டா அழகாக உட்காரும், போல்ட்டும் மூடும். சுட்டால் 0.15 மி.மீ. கூடுதல் பருமனுள்ள குண்டைக் குழல் நெரிக்கும், மருந்தின் அழுத்தம் எகிறும். குழலில் எஸ் குறி தெளிவாக இல்லாவிட்டால், குழலை அளக்காமல் எந்த 8×57 தோட்டாவும் வாங்காதீர்கள்.

.275, .375, .423 என்று எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன. எப்படிப் பிரிப்பது?

.275 ரிக்பி என்பது 7×57 மவுசர் தோட்டாவுக்கு ரிக்பி கம்பெனி வைத்த பெயர். புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் வைத்திருந்தது இந்தக் காலிபர்தான். குழலில் .275 என்று இருந்து 7×57 என்று லைசென்ஸில் இருந்தால் முரண்பாடு இல்லை. ஆனால் .275 ஹாலண்ட் மேக்னம் என்று ஒன்று இருக்கிறது. அதன் கூட்டின் அடியில் இடுப்புப் பட்டை போல ஒரு வளையம் உண்டு. அது வேறு தோட்டா.

.375 ஒரு பெரிய குடும்பம். 1912ல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் பட்டை வளையம் உள்ளது, கூடு 72.4 மி.மீ. நீளம். இரட்டைக்குழலுக்கென்று விளிம்பு வைத்த .375 ஃபிளாஞ்டு மேக்னம் தனி. அதற்கும் முந்திய 2½ அங்குல .375 தனி. .400/.375 தனி. 9.5 மி.மீ. மேன்லிச்சர் ஷோனவரையும் .375 ரிம்லெஸ் என்று சிலர் எழுதினார்கள். புத்தகத்தில் ".375 ரைஃபிள்" என்று மட்டும் இருந்தால், ஐந்தில் எது என்று இன்னும் தெரியாது என்றுதான் அர்த்தம்.

.404 ஜெஃப்ரியும் .423 மவுசரும் குண்டின் அளவில் ஒன்றுதான், 10.75 மி.மீ. கூடு .404க்கு 73 மி.மீ., .423க்கு 68 மி.மீ. "குண்டு ஒன்றுதானே" என்று ஒன்றை மற்றதற்கு வாங்கிவிடுகிறார்கள். பழைய பிரிட்டிஷ் பெயர்களில் உள்ள எண்ணை அளவாக எடுத்துக்கொள்ளவே கூடாது. .318 வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸின் குண்டு .330 அங்குலம். .315இன் குண்டு .323.

.405 வின்செஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. காலிபர் குழலிலேயே பொறித்திருக்கும். அதே 1895 மாடல் .30-06 முதல் .35 வரை வேறு பல காலிபர்களிலும் வந்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வேட்டைக்காரரும் எழுத்தாளருமான கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்த மாடல் என்பதற்காக உங்களுடையதும் .405 ஆகிவிடாது.

சுத்தியல் வைத்த இரட்டைக்குழல் ரைஃபிள். ".500 எக்ஸ்பிரஸ்" என்று இருக்கிறது. .500 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டா போடலாமா?

போடவே கூடாது. "எக்ஸ்பிரஸ்" என்று மட்டும் இருந்தால், கரிமருந்துக் காலத்து ஆயுதம் என்று எண்ணித்தான் நடக்க வேண்டும். .450, .500 ஆகியவற்றில் கரிமருந்துத் தோட்டாவுக்கும் பின்னால் வந்த நைட்ரோ, அதாவது புகையில்லாத மருந்துத் தோட்டாவுக்கும் கூட்டின் நீளம் ஒன்றாகவே வருவதுண்டு: .450க்கு 3¼ அங்குலம், .500க்கு 3 அங்குலம். ஆகவே நைட்ரோ தோட்டா உள்ளே போகும், குழலும் பூட்டும். கரிமருந்தின் அழுத்தத்துக்குச் செய்த பூட்டும் குழலும் கார்டைட்டைத் தாங்க மாட்டா. குழலில் மரவரி போல, பாம்புத்தோல் போல மெல்லிய நெளிவுகள் தெரிந்தால் அது இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றிச் செய்த டமாஸ்கஸ் குழல். அதில் நைட்ரோ முத்திரை தனியாக இல்லாவிட்டால் சுவரில் மாட்டும் பொருளாகவே வைத்திருங்கள், அதுவும் லைசென்ஸோடு.

எழுத்து எதுவுமே இல்லை. காலிபரை எப்படித்தான் உறுதி செய்வது?

தோட்டா அறையை அச்சு வார்த்து அளப்பதுதான் வழி. எழுத்து இருந்தாலும் இதைச் செய்வது நல்லது. இடையில் யாராவது அறையைக் கடைந்து வேறு தோட்டாவுக்கு மாற்றியிருக்கலாம். குழலின் எழுத்து அதைச் சொல்லாது. லைசென்ஸ் உள்ள ஆயுதத் தச்சரின் கடையில் இதைச் செய்யச் சொல்லுங்கள். எப்படிச் செய்கிறார் என்று உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கென்று செரோசேஃப் என்ற உலோகக் கலவை இருக்கிறது. 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். கொதிநீர்ப் பாத்திரத்தில் கரண்டியை வைத்தே உருக்கலாம். போல்ட்டைக் கழற்றி, அறையை எண்ணெய்ப் பசையே இல்லாமல் துடைக்க வேண்டும். குழல்முனை வழியாகத் துணி அடைப்பு ஒன்றைத் தள்ளி, அறை முடிந்து வரிப்பள்ளம் (குண்டைச் சுழற்றக் குழலுக்குள் வெட்டிய சுருள் பள்ளம்) தொடங்கும் இடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் தாண்டி நிறுத்த வேண்டும். ரைஃபிளை முனை கீழாக நிறுத்தி, குழலைக் கொஞ்சம் சூடாக்கிக்கொண்டு, ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். .315 அறைக்கு ஏறக்குறைய 60 கிராம் போதும். நிறுத்தி நிறுத்தி ஊற்றினால் அச்சில் மடிப்பு விழும், அளவு பொய்யாகிவிடும். அறை வாயைத் தாண்டி போல்ட்டின் காதுகள் பூட்டும் பள்ளத்துக்குள் வழிந்துவிட்டால் அச்சு சிக்கிக்கொள்ளும், திரும்ப உருக்கித்தான் எடுக்க முடியும்.

இந்த உலோகம் ஆறியதும் முதல் அரை மணி நேரம் சுருங்கும். அப்போதே முனைப்பக்கமிருந்து கம்பியால் தள்ளி எடுத்துவிட வேண்டும். பிறகு மெல்ல விரியும். ஊற்றி ஒரு மணி நேரம் ஆகும்போது அறையின் சரியான அளவுக்கு வரும். அளக்க வேண்டிய நேரம் அதுதான். நாளை அளக்கலாம் என்று வைத்தால் இன்னும் பருத்துவிடும். 200 மணி நேரத்தில் கூடுவது 0.0025 அங்குலம். செரோசேஃப் கிடைக்காத கடைகளில் சுத்தமான கந்தகத்தை உருக்கி ஊற்றுவார்கள். அது சுமார் 115 டிகிரியில் நீர்போல் உருகும். 160ஐத் தாண்டினால் பாகுபோல் தடித்துப் பயனற்றுப் போகும், தீப்பிடிக்கவும் செய்யும்.

குண்டின் அளவுக்கு வேறு வேலை. மிருதுவான ஈயக் குண்டு ஒன்றை, குழலைவிடச் சற்றுப் பருமனாக எடுத்து, எண்ணெய் தடவி, முனையிலிருந்து பித்தளைக் கம்பியால் தட்டி முழுக் குழலையும் கடக்கவிட வேண்டும். ஈயத்தில் பதிந்த மேடுகளின் விட்டம்தான் குழலின் பள்ள விட்டம். என்ஃபீல்டு குழல்களைப் போல வரிப்பள்ளம் 5 என்ற ஒற்றைப்படையில் இருந்தால், சாதாரண மைக்ரோமீட்டர் சிறிய அளவைக் காட்டும். அதற்கு வி வடிவத் தாங்கி வேண்டும்.

அச்சை எதனோடு ஒப்பிடுவது?

இங்கே அதிகம் வருகிறவற்றின் தோட்டா அளவுகள், மில்லிமீட்டரில். அறை அச்சு இவற்றைவிட மயிரிழை பெரிதாக இருக்கும்.

.315 (8×50 மேன்லிச்சர்): விளிம்பு உண்டு, கூடு நீளம் 50, அடி 12.5, குண்டு 8.2
.303: விளிம்பு உண்டு, 56.4, அடி 11.7, குண்டு 7.9
7×57 (.275 ரிக்பி): விளிம்பற்றது, 57, அடி 12, குண்டு 7.2
8×57: விளிம்பற்றது, 57, அடி 12, குண்டு 8.07 அல்லது 8.22
.30-06: விளிம்பற்றது, 63.3, அடி 12, குண்டு 7.8
.375 ஹாலண்ட் மேக்னம்: பட்டை வளையம், 72.4, அடி 13, குண்டு 9.5
.405 வின்செஸ்டர்: விளிம்பு உண்டு, 65.6, அடி 11.7, குண்டு 10.45
.423 மவுசர்: விளிம்பற்றது, 68, அடி 12.5, குண்டு 10.75
.404 ஜெஃப்ரி: விளிம்பற்றது, 73, அடி 13.8, குண்டு 10.75

தோட்டா உள்ளே போகிறது, போல்ட்டும் பூட்டுகிறது. அதுவே போதாதா?

போதாது. மேலே உள்ள பட்டியலில் 7×57, 8×57, .30-06 மூன்றுக்கும் அடி 12 மி.மீ. என்பதைக் கவனியுங்கள். ஒரே போல்ட் மூன்றையும் பிடிக்கும். 8×57 தோட்டாவை .30-06 அறையில் போட்டால் உள்ளே போய் உட்காரும், 8.2 மி.மீ. குண்டு 7.8 மி.மீ. குழலுக்குள் திணிக்கப்படும். போல்ட் மூடியதே என்று சுட்டதால் ரைஃபிள் வெடித்தது இப்படித்தான். வீட்டில் தோட்டாவைப் போட்டுப் பார்த்துச் சோதிக்கும் வழக்கத்தையே விட்டுவிட வேண்டும்.

ரைஃபிளோடு டப்பாவில் கிடந்த தோட்டாக்களைப் பயன்படுத்தலாமா?

அவை இந்த ரைஃபிளின் தோட்டாக்கள்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வேட்டைக்கு வந்த விருந்தாளி விட்டுப்போனது, விற்றுவிட்ட இன்னொரு துப்பாக்கியினுடையது என்று எல்லாம் ஒரே டப்பாவில் சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றின் அடியெழுத்தையும் படித்துத் தனித்தனியாகப் பிரியுங்கள்.

சரியான காலிபராகவே இருந்தாலும் 50 வருடப் பழைய தோட்டாவைச் சுடாதீர்கள். கழுத்தில் பச்சைக் களிம்பு, மயிரிழை விரிசல், குண்டைத் தொட்டால் சுழல்வது ஆகிய மூன்றில் எது தெரிந்தாலும் அதன் கதை முடிந்தது. டிரிகரை இழுத்தும் வெடிக்காமல், சில நொடி கழித்து வெடிப்பது பழைய தோட்டாக்களின் குணம். வெடிக்கவில்லையே என்று போல்ட்டைத் திறக்கும் கைக்கு நேர்வதைச் சொல்லத் தேவையில்லை. எந்தத் தோட்டா வெடிக்காவிட்டாலும் முனையை இலக்கை நோக்கியே ஒரு நிமிடம் வைத்திருங்கள். பழையவற்றைக் கிணற்றில் எறிவது, அடுப்பில் போடுவது, குழந்தைகளிடம் "வேடிக்கை பார்" என்று கொடுப்பது எதுவும் கூடாது. எண்ணிக்கையோடு காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள்.

ரைஃபிள் இல்லை, 12 போர் இரட்டைக்குழல்தான் கிடைத்தது. அதற்கும் இந்தக் கவலை உண்டா?

அறையின் நீளத்தில் உண்டு. பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகளின் அறை 2½ அங்குலம், அதாவது சுமார் 65 மி.மீ. இப்போது கிடைப்பவற்றில் 70 மி.மீ. தோட்டா நிறைய. தோட்டாவின் நீளம் சுட்ட பின் வாய் விரிந்த அளவில் சொல்லப்படுவது. சுடாத 70 மி.மீ. தோட்டா மடிப்போடு குட்டையாக இருப்பதால் 65 மி.மீ. அறையில் இடைஞ்சலில்லாமல் போகும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் ஒடுங்கிய பகுதியில் அடைத்துக்கொள்ளும். அழுத்தம் ஏறும்.

இன்னொன்று: 20 போர் தோட்டாவை 12 போர் பையில் சேர்த்து வைக்காதீர்கள். அது 12 போர் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் நிற்கும். அறை காலியாகத் தெரிவதால் பின்னால் ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் பிளக்கும். குழல்முனையின் கடைசி இரண்டு அங்குலத்தில் மட்டும் வரிப்பள்ளம் தெரிந்தால், பேரடாக்ஸ் போன்ற, ரவையும் குண்டும் சுடும் அரிய வகை அது. தெரிந்தவரிடம் காட்டாமல் விற்றுவிடாதீர்கள்.

போல்ட்டின் எண்ணும் ரைஃபிளின் எண்ணும் வேறாக இருக்கின்றன. பரவாயில்லையா?

சுடும் எண்ணம் இருந்தால் பரவாயில்லை என்று விட முடியாது. பாதுகாப்புக்காக போல்ட்டைக் கழற்றித் தனியே வைக்கும் வீடுகளில், அண்ணன் தம்பி இருவரின் ரைஃபிள்களுக்கும் போல்ட் மாறிவிடும். மாறிய போல்ட் பூட்டும்போது, தோட்டாவின் அடிக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவே இடைவெளி கூடிவிடலாம். சுட்டால் கூடு நடுவில் அறுந்து சூடான வாயு முகத்தை நோக்கி வரும். "கோ", "நோ கோ" அளவுக் கட்டைகளை வைத்து ஆயுதத் தச்சர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். நோ கோ கட்டையின் மேல் போல்ட் மூடக் கூடாது.

துடைத்து வைக்க என்ன எண்ணெய்? தேங்காய் எண்ணெய் போடலாமா?

வேண்டாம். தேங்காய் எண்ணெய் ஊட்டிக் குளிரில் உறைந்துவிடும். நாளாக ஆக அரக்குபோல் இறுகும். போல்ட்டுக்குள் இருக்கும் சுருள்வில்லும் ஊசியும் அந்தப் பிசினில் மெதுவாக நகர்வதால் தோட்டாவின் அடியில் உள்ள, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பில் அடி லேசாக விழும். தோட்டா வெடிக்காது, அல்லது தாமதித்து வெடிக்கும். தோட்டாவைக் குறை சொல்லும் பலரின் ரைஃபிளில் கோளாறு இதுதான். பழைய பிசினை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு, மெல்லிய தையல் மிஷின் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவினால் போதும். கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய். எவ்வளவு அழகான தோலுறையாக இருந்தாலும் ரைஃபிளை அதற்குள் வைத்து மூடாதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். ஒரு மழைக்காலம் முடிந்ததும் உறையின் தையல் கோடு அப்படியே குழலில் துருக்கோடாகப் பதிந்திருக்கும்.

தோட்டா கிடைக்காத காலிபர். அறையைக் கடைந்து .315 ஆக மாற்றலாமா? குழலைக் குட்டையாக்கலாமா?

இரண்டையும் உங்கள் விருப்பத்துக்குச் செய்ய முடியாது. ஆயுதத்தை மாற்றுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் அதற்கான லைசென்ஸ் உள்ளவர்தான் கை வைக்கலாம். குழலைக் குட்டையாக்குவது அனுமதியின்றிச் செய்தால் குற்றம். 20 அங்குலத்துக்குக் குறைந்த ரவைத் துப்பாக்கி, தடைசெய்த ஆயுதங்களின் வகையிலேயே சேர்ந்துவிடும். தொழிலாகப் பார்த்தாலும் இது வீண்: அசல் நிலையில் உள்ள .423 மவுசருக்கு மதிப்பு உண்டு, கடைந்து கெடுத்ததற்கு இல்லை. உள்நாட்டில் செய்யாத காலிபர்களுக்கு வெளிநாட்டுத் தோட்டாதான். இருப்பு கொஞ்சம், விலை அதிகம். முதலில் ஊர் ஊராகக் கடைகளில் கேட்டு, லைசென்ஸில் உள்ள ஆண்டு அளவுக்குள் வாங்குங்கள். தோட்டாப் பெட்டியின் மேல் உள்ள எழுத்தும், அச்சில் அளந்த எண்ணும் ஒன்றாக இருந்தால் மட்டும் பணம் கொடுங்கள்.

யாருக்கும் இதை வைத்திருக்க ஆர்வமில்லை. என்ன செய்வது?

ஒப்படைத்த நிலையிலேயே, லைசென்ஸ் உள்ள ஒருவருக்கோ ஆயுத வியாபாரிக்கோ சட்டப்படி விற்கலாம். விற்கும் முன் அளந்த அச்சு, முத்திரைகளின் படங்கள், பழைய லைசென்ஸ் புத்தகம், கிடைத்தால் அசல் பெட்டியும் விற்பனைச் சீட்டும் ஆகியவற்றை ஒன்றாகச் சேருங்கள். இரட்டைக்குழல் பிரிட்டிஷ் ரைஃபிளுக்கு அந்தக் காகிதங்களால்தான் விலை ஏறும். முதலில் வந்த வியாபாரி "தோட்டா கிடைக்காது, இரும்பு விலைக்குத் தருகிறேன்" என்று சொன்னால், இன்னும் இரண்டு பேரிடம் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். எதுவும் வேண்டாம் என்றால் அரசிடமே நிரந்தரமாக ஒப்படைத்து, பழைய லைசென்ஸை ரத்து செய்ததற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அந்தக் கடிதம் இல்லாவிட்டால், தேர்தல் வரும்போதெல்லாம் "உங்கள் வீட்டுத் துப்பாக்கி எங்கே" என்று நிலையத்திலிருந்து ஆள் வரும்.